உட்கார ஒரு சிகரெட்

என் அண்ணன் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டது உட்காருவதற்காக. ஆசைக்கு இல்லை, ஸ்டைலுக்கு இல்லை, கெட்ட சகவாசம் என்பார்களே, அதற்கும் இல்லை. கால் வலித்தது. கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. அவன் வேலை பார்த்த இடத்தில் கையில் சிகரெட் இருந்தவனுக்குத்தான் உட்கார அனுமதி. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, டாக்டர்கள் மாட்டும் பச்சை அங்கி என்று மூட்டை மூட்டையாக வரும். ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் நீராவி இஸ்திரி மேசைகள், மறு கோடியில் பெண்கள் நின்று மடிக்கும் நீள மேசை. அண்ணனுக்கு இஸ்திரி மேசை. துணியைப் பரப்பி, காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் மேல் பலகை இறங்கும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும், காலை எடுத்தால் பலகை மேலே போகும். ஒரு கால் மிதியில், ஒரு கால் தரையில், நாள் முழுக்க. அதனால் அங்கே அவனுக்குப் பெயர் கொக்கு.

கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நாற்காலி இருந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் பேசுவார்கள், பேசினால் துணி தேங்கும் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரு தத்துவம். தரையில் குந்தினாலும் விரட்டுவார்கள். ஆனால் பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் எவனாவது தீக்குச்சியைக் கிழித்துவிட்டால் கூடமே போய்விடும் அல்லவா? அதனால் புகை பிடிப்பவர்களை மட்டும் முறை வைத்துப் பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே உட்காரலாம். காற்று வரும். ஒரு சிகரெட் எரிந்து முடிகிற வரைக்கும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்பா செத்த பிறகு அண்ணன் அங்கே சேர்ந்தான். தங்கை நான் அப்போது பள்ளிக்கூடத்தில். முதல் வாரமே கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போனது. பக்கத்து மேசைக்காரன் கட்டையன், குள்ளமாக இருப்பதால் அந்தப் பெயர், அவன்தான் வழி சொன்னான்.

“டேய் கொக்கு, ஒண்ணு பத்த வை. அது எரியற வரைக்கும் நீ ராஜா.”

“எனக்குப் பழக்கம் இல்லடா.”

“பொறக்கும்போதே எவனுக்குடா பழக்கம்? இழுக்காத. வாயில வச்சுக்கிட்டு உக்காரு.”

முதல் நாள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்ததாம். ஆனாலும் உட்கார்ந்திருந்தானாம். இதை அண்ணன் எங்களிடம் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறான். நாங்களும் சிரித்திருக்கிறோம். அண்ணி வந்த புதிதில் அவன் சட்டை நாற்றத்தைப் பற்றி முனகுவாள், பிறகு அவளே, “போகட்டும், அந்தச் சாக்குலயாவது மனுஷன் கொஞ்சம் உக்கார்றாரே” என்பாள். எங்கள் வீட்டில் சிகரெட் என்பது ஒரு சலுகையின் பெயர்.

நான்தான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அவன் ஒற்றைக் காலில் நின்று என்னைப் படிக்க வைத்தான். இது உவமை இல்லை. இப்போது நான் ஒரு அலுவலகத்தில் சக்கரம் வைத்த நாற்காலியில் சுழன்றுகொண்டே வேலை பார்க்கிறேன். அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. “ஏ பட்டதாரி, அந்தத் துண்டை எடு” என்பான். அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி.

காலில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவள் அண்ணிதான்.

“உங்க அண்ணன் காலைத் தொட்டுப் பாரு. ஒரு கால் மனுஷன் கால் மாதிரி இருக்கு, ஒரு கால் ஐஸ்பெட்டியில இருந்து எடுத்த மாதிரி இருக்கு.”

“நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான்” என்றான் அவன். நடந்தால் பாதத்தின் நடுவில் வலி பிடித்து இழுக்கும், நின்றுவிட்டுப் பிறகு நடப்பான். கடைசி விரலில் செருப்பு கடித்த புண் ஒன்று வந்தது. மாதக்கணக்கில் ஆறவில்லை. நான் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

டாக்டரம்மா அவன் கணுக்காலில் விரலை வைத்து நாடி தேடினார். வெகுநேரம் தேடினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “சர்க்கரை இல்ல. கொழுப்பும் இல்ல” என்றார்.

“கொழுப்பு நிறைய இருக்கு டாக்டரம்மா, உங்க மிஷின்ல தெரிஞ்சிருக்காது” என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. “சிகரெட் எத்தனை?”

“வேலை நேரத்துல மட்டும்தான்.”

“உங்களுக்கு வேலை நேரம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும். அப்புறம் என்ன மட்டும்?”

அவர் ஒரு தாளில் காலை வரைந்து காட்டினார். புகையிலையால் கால் விரல்களுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்களில் வீக்கம் வந்து, உள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? புற்றுநோய், மாரடைப்பு எல்லாம் சிகரெட் அட்டையிலேயே போட்டிருக்கிறது. விரல் அழுகும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதுவும் நாற்பதுகூட ஆகாதவனுக்கு.

“இதுக்கு ஒரே மருந்துதான். விடறது. குறைக்கறது இல்ல, விடறது. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னாலும் வியாதி முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். பீடி, வாயில அடக்கற புகையிலை, பொடி எதுவும் கூடாது. பக்கத்துல ஊதறவன்கிட்டயும் நிக்காதீங்க.”

“விட்டா?”

“விட்டா அனேகமா ரெண்டு காலோட இருப்பீங்க. விடலைன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. நான் பயமுறுத்தல. அப்படிப்பட்டவங்களை வார்டுல கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?”

வேண்டாம் என்றான். வீட்டுக்கு வந்து சிகரெட் பெட்டியை எடுத்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான்.

முதல் சில நாட்கள் வீட்டில் யாரும் அவன் பக்கம் போகவில்லை. தண்ணீர் டம்ளரைச் சத்தமாக வைத்தால் சண்டை. வைக்காவிட்டாலும் சண்டை. தலைவலி, தூக்கமில்லை, கிராம்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருந்தான். மருத்துவ விடுப்பில் இருந்ததால் படியும் இல்லை, கட்டையனும் இல்லை. அதனால் தாக்குப்பிடித்தான். பிறகு ஒவ்வொன்றாக மாறியது. படுத்தால் காலை அறுக்கும் வலி குறைந்தது. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேசினான். ஒரு நாள் காலை, “காபியில ஏன் இவ்வளவு சர்க்கரை போடற?” என்றான். எப்போதும் போடுகிற அளவுதான். இன்னொரு நாள் அண்ணி அவனைக் கடந்து போகும்போது நிறுத்தி, “தலைக்கு என்ன எண்ணெய் மாத்தியிருக்க? நல்லா இருக்கே” என்றான்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதேதான்” என்றாள் அண்ணி. சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

விரல் புண் ஓரத்தில் சிவப்புத் தட்டியது. ஆறுகிறது என்று அர்த்தம். டாக்டரம்மாவே, “பரவாயில்லையே” என்றார். இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் முடிந்திருக்க வேண்டும்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனான். அங்கே எதுவும் மாறவில்லை. மாறியவன் இவன் மட்டும்தான். முன்பாவது நாளில் சில தடவை உட்காருவான், இப்போது அதுவும் போயிற்று. கால் வீங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு நாள் தாங்க முடியாமல் வெறும் கையோடு பின்படிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவர் பெயரே விசில்.

“என்ன கொக்கு, கையில ஒண்ணையும் காணோம்?”

“விட்டுட்டேன் சார்.”

“ரொம்ப நல்ல காரியம். அப்புறம் இங்க என்ன வேலை?”

“கால் வலிக்குது சார்.”

“எனக்கும்தான் வலிக்குது. வலிக்குதுன்னு எல்லாரும் வந்து படியில உக்காந்துட்டா, நான் ஒத்தையா நின்னு இஸ்திரி போடவா? போ போ.”

அவன் எழுந்து போனான். அதை அண்ணியிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் போய்ச் சண்டை போடுவேன் என்று பயம்.

அண்ணி யோசித்தாள். அவன் காலை அமுக்கிவிட்டுக்கொண்டே யோசித்திருப்பாள், எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஒற்றை சிகரெட் வாங்கி வந்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

“பிடிக்காதீங்க. பத்த வச்சு சும்மா கையில வச்சுக்குங்க. எரியற வரைக்கும் உக்காந்துட்டு வாங்க.”

அப்படித்தான் தொடங்கியது. பிடிப்பதில்லை, வைத்திருப்பது. சில நாட்கள் உண்மையாகவே வைத்திருந்தான். ஆனால் படி முழுக்கப் புகை. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஊதுகிறார்கள், நடுவில் இவன் ஊதுபத்தி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். “வீணாப் போகுதேடா, என்கிட்ட குடு” என்று கட்டையன் சிரித்திருக்கிறான். ஒரு நாள் அணையப் போன சிகரெட்டை அணையாமல் இருக்க ஒரு இழுப்பு இழுத்தான். அணைந்தால் எழுந்துபோக வேண்டுமே.

ஆறிக்கொண்டிருந்த விரல் கறுத்தது.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். “விட்டீங்களா இல்லையா?”

“விட்டுட்டேன் டாக்டரம்மா.”

“உண்மையைச் சொல்லுங்க.”

“பிடிக்கல. கையில வச்சிருந்தேன். எப்பவாவது ஒரு இழுப்பு.”

“கையில வச்சிருந்தீங்களா? என்ன, வேண்டுதலா?”

அண்ணி நின்றுகொண்டிருந்தாள். “நான்தான் வாங்கி வச்சு அனுப்பினேன்” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

“நீங்களா? ஏம்மா?”

“உக்காரட்டும்னு.”

பிறகு அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். மிதி, படி, விசில், எல்லாம். டாக்டரம்மா கோபத்தோடு கேட்கத் தொடங்கி, பாதியில் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “ஒரு ஸ்டூல் கேட்டிருக்கலாமே?” என்றார்.

அண்ணன் யோசித்தான். நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னான். “கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா யாரும் கேட்டதில்ல.”

விரலை எடுக்க வேண்டும் என்றார். பக்கத்து விரலும் சந்தேகம்தான் என்றார்.

வெளியே வந்ததும் நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு அறிவு இருக்கா அண்ணி? டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதான நின்னீங்க?”

“நின்னேன்” என்றாள். “வீங்கின காலை யார் அமுக்கினா? நீயா?”

அவள் மேல் வந்த கோபம் அவள் மேல் நிற்கவில்லை. அது நடந்து நேராகச் சலவைக்கூடத்துக்குப் போயிற்று. நானும் கூடவே போனேன்.

விசில் வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். விரலை எடுக்கப் போகிறார்கள் என்றேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. “அடப்பாவமே. படிச்ச பொண்ணு, நீயாவது சிகரெட்டை விடச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“விட்டுட்டுதான் வந்தான். நீங்கதான் கையில ஒண்ணு இருந்தாத்தான் உக்காரலாம்னு சொன்னீங்க.”

“நான் அப்படியா சொன்னேன்? சும்மா உக்கார ரூல் இல்லன்னேன்.”

“ஊதறதுக்கு மட்டும் ரூல் இருக்கா?”

“அது நெருப்பு பயம்மா. அது வேற.”

“கால் அழுகறது பயம் இல்லையா?”

உள்ளே மடிக்கிற மேசையில் கைகள் நின்றன. மடிப்பக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவள் விரிப்பின் முனையை விடாமலே குரல் கொடுத்தாள். “கொக்குக்காவது படி இருந்துச்சு. எங்களுக்கு என்ன, கால் மரத்துல செஞ்சதா? பொம்பளை சிகரெட் பிடிக்க முடியுமா? நாங்க உக்காரணும்னா கக்கூஸ்தான். அங்கயும் ‘உள்ள என்ன தூக்கமா’ன்னு இவரு விசில் அடிப்பாரு.”

யாரோ சிரித்தார்கள். விசில் சிரிக்கவில்லை. இருமினார், இருமல் அடங்க நேரமாயிற்று. கழுத்தில் தொங்கியதை எடுத்து ஊதாமலே அவர் நெஞ்சுக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் வந்தது. “நான் மட்டும் என்னம்மா, ஆசைப்பட்டா கத்துக்கிட்டேன்?” என்றார் மெதுவாக. “மீசை முளைக்காத வயசுல இதே மிதி. இதே படி.”

அவரைத் திட்டுவதற்கு நான் கொண்டுபோயிருந்த வார்த்தைகள் நிறைய மிச்சமிருந்தன. திட்ட முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் மடிப்பக்காவும் மற்ற பெண்களும் வேலைக்கு நடுவில் வரிசையாகப் பின்படிக்குப் போய் வெறும் கையோடு உட்கார்ந்தார்களாம். கட்டையன் வந்து சொன்னான். விசில் ஊதினார், ஒருத்தியும் எழவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அவர்களாகவே எழுந்து வந்து மடித்தார்கள். துணி தேங்கவில்லை. மேலே இருந்து யாரும் இறங்கி வரவில்லை. அதற்குப் பிறகு எல்லோருக்கும் முறை வந்துவிட்டது. அவ்வளவுதான். அவ்வளவு சுலபம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கஷ்டமாக இருந்திருந்தால், போராடி ரத்தம் சிந்தி வாங்கியிருந்தால், ஒரு விரலை அதற்குக் கணக்கு வைத்துத் தேறியிருப்பேன்.

ஒரு விரலில்லை, ஒன்றரை. கடைசி விரலையும் பக்கத்து விரலில் பாதியையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அண்ணன், “இனிமே செருப்பு லூசா இருக்கும்” என்றான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: “ஆறிக்கிட்டு இருந்துச்சு பட்டதாரி. நல்லா ஆறிக்கிட்டு இருந்துச்சு.”

இந்த முறை விட்டான். வைத்திருப்பதும் இல்லை, ஒரு இழுப்பும் இல்லை. அண்ணி சட்டைப் பைகளையே தைத்து மூடிவிட்டாள். அவன் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள். வெகுநாள் அவள் அவன் காலைப் பார்க்காமலே கட்டு மாற்றினாள். கை வேலை செய்யும், கண் ஜன்னலில் இருக்கும். “நீ எதுக்கு இப்படி இருக்க, உக்கார வைக்கத்தான பார்த்த” என்று அவன் சொல்வான். அவள் கட்டை இன்னும் ஒரு சுற்று சுற்றுவாள்.

புண் மூடியது. மற்ற விரல்களில் நிறம் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, “அடைச்ச குழாய் இனிமே திறக்காது. ஆனா சுத்தி சின்னச் சின்ன வழி பிடிச்சு ரத்தம் வருது. இப்படியே இருந்தா மிச்சம் உங்களுக்குத்தான். ஒண்ணு பிடிச்சீங்கன்னா மறுபடி என்கிட்ட” என்றார். முதல் தடவையே இப்படி இருந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

அவன் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் நான் கூடப் போனேன். மிதி இல்லாத வேலை கொடுத்திருந்தார்கள், வரும் மூட்டையைப் பிரித்து வகை பார்ப்பது. ஓய்வு நேரம் வந்தபோது எல்லோரும் பின்படிக்குப் போனார்கள். ஆண்கள், பெண்கள், மடிப்பக்கா, எல்லோரும். அண்ணனும் இரண்டு எட்டு வைத்தான். பிறகு நின்றான். ஊதுகிறவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் புகைக்குள் அவன் போகக் கூடாது. எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்த பிறகு, இவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

திரும்பி முன்வாசலுக்கு வந்தான். வண்டி வந்து நிற்கும் மேடையின் விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

கட்டையன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். காதுக்குப் பின்னால் ஒரு சிகரெட். “என்னடா, எங்களை எல்லாம் விட்டுட்டு மொதலாளி மாதிரி முன்வாசல்ல உக்காந்துட்ட?” என்று சொல்லிக்கொண்டே அவனை இடித்து உட்கார்ந்து, சிகரெட்டை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தட்டினான்.

“பத்த வைக்காத” என்றான் அண்ணன்.

“எனக்குடா. உனக்கு இல்ல.”

“தெரியும். பத்த வச்சா எந்திரிச்சுப் போ.”

அண்ணன் கட்டையனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அந்தப் படியில் கிடைத்ததுதான். கட்டையன் முகம் சுருங்கிவிட்டது. “சரிங்க சார்” என்றான். எழுந்தான். கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அண்ணன் அவன் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை. நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

“போகட்டும் அண்ணா.”

“அவன் நல்லவன் பட்டதாரி.”

“தெரியும்.”

ஓய்வு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது கட்டையன் திரும்பி வந்தான். வாயைக் கொப்பளித்து முகம் கழுவியிருந்தான், சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்களைப் பார்க்காமல் மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான்.

“இங்க உக்காரலாமா, இல்ல இதுவும் நாறுதா?”

அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். “நாறுது. இன்னும் கொஞ்சம் தள்ளு.”

கட்டையன் தள்ளி உட்கார்ந்தான்.